எதிரிக்கே வழிவிட்ட சாலை: புதையல் வேட்டைப் பாதையில் மறைந்திருக்கும் ஜெனரல் வேட் கதை

ஸ்காட்லாந்தின் மலைச்சாலை ஓரம் ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு கல் நிற்கிறது. அதில் 1729 என்று ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கல்லைப் பற்றி அந்த ஊர்ப்பக்கம் ஒரு கதை உண்டு. சாலை போட வந்த ஜெனரல் ஒருவர் கல்லின் உச்சியில் ஒரு தங்கக் காசை வைத்துவிட்டுப் போனாராம். அடுத்த ஆண்டு திரும்பி வந்து தடவிப் பார்த்தால், காசு வைத்த இடத்திலேயே இருந்ததாம்.

ஒரு பொருளை மறைத்து வைக்கணும், போகணும், திரும்பி வந்து தேடணும். இன்றைக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் செல்போனை வைத்துக்கொண்டு விளையாடும் ஜியோகேஷிங் இதுதானே!

அந்தக் கல்லின் பெயர் வேட் ஸ்டோன். காசை வைத்ததாகச் சொல்லப்படும் ஜெனரலின் பெயர் ஜார்ஜ் வேட். கதை உண்மையோ கற்பனையோ, அவருடைய வாழ்க்கை முழுக்க ஒளித்து வைப்பதும் தேடுவதும்தான். இறந்து 270 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், பிரிட்டனில் மலையேறுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் நடக்க முடியாது. ஆனால், இங்கிலாந்தில் அவர் பெயரால் அதிகம் அறியப்படும் ஒரு சாலையை அவர் போடவே இல்லை. அவர் தோற்றதால்தான் அந்தச் சாலையே வந்தது.

எப்படி? பார்ப்போம்.

முதலில், ஜியோகேஷிங்னா என்ன?

சிம்பிளாகச் சொன்னால், ஜிபிஎஸ் வைத்து ஆடும் புதையல் வேட்டை. ஒருவர் தண்ணீர் புகாத சிறு டப்பாவை எங்காவது மறைத்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர், தேதி எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். உள்ளே தங்கம் எல்லாம் இருக்காது. பொம்மை, சாவிக்கொத்து மாதிரி ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால், அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்கணும். விளையாட்டைப் பற்றித் தெரியாமல் அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு, ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்த மகிள் என்ற பெயர். அவர்கள் கண்ணில் படாமல் எடுத்து வைப்பதுதான் இதில் த்ரில்.

இது தொடங்கிய நாள்கூடத் தெரியும். ஜிபிஎஸ் என்பது அமெரிக்க ராணுவத்தின் கண்டுபிடிப்பு. எதிரிகள் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். இடம் 100 மீட்டர் வரை பிசகும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே, அதாவது மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்ற கணினிப் பொறியாளர் ஒரு பக்கெட்டைக் காட்டில் வைத்துவிட்டு, இருப்பிடத்தை இணையத்தில் பகிர்ந்தார். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் மறைந்திருக்கின்றன.

ராணுவம் தனக்காகச் செய்த ஒன்று, மக்கள் கைக்குப் போனது. இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேட் கதையும் இதுதான்.

யார் இந்த ஜார்ஜ் வேட்?

1673-ல் அயர்லாந்தின் வெஸ்ட்மீத் பகுதியில் பிறந்தவர். 17 வயதில் பிரிட்டிஷ் படையில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். அது ஐரோப்பா ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். பெல்ஜியம், போர்ச்சுகல், ஸ்பெயின் என்று போர்க்களம் போர்க்களமாகச் சுற்றினார். 1706-ல் ஸ்பெயினின் அல்கான்டரா முற்றுகையில் காயம்பட்டார். 1710 சரகோசா போருக்குப் பிறகு மேஜர் ஜெனரல் ஆகும் அளவுக்கு வளர்ந்தார்.

அபார வியூகங்களுக்குப் பேர்போன தளபதி என்று இவரைச் சொல்ல முடியாது. கொடுத்த வேலையைப் பொறுமையாக, கணக்காகச் செய்து முடிப்பவர். அரசுக்கு அப்போது தேவைப்பட்டதும் அப்படி ஒரு ஆள்தான்.

அவர் தேடிய முதல் புதையல்

இங்கே கொஞ்சம் பின்னணி வேண்டும். 1688-ல் பிரிட்டன் அரசர் இரண்டாம் ஜேம்ஸ் அரியணையை இழந்தார். அவர் கத்தோலிக்கர் என்பது முக்கியக் காரணம். அவருடைய வாரிசுகளே மீண்டும் ஆளவேண்டும் என்று விரும்பியவர்களை ஜேக்கபைட்டுகள் என்பார்கள். ஜேம்ஸ் என்ற பெயரின் லத்தீன் வடிவத்திலிருந்து வந்த சொல் இது. 1714-ல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து முதலாம் ஜார்ஜ் வந்து அரசரானதும் இவர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே கலகம் வெடித்தது.

தென்மேற்கு இங்கிலாந்தில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற பாத் நகரில் கலகக்காரர்கள் ஆயுதம் பதுக்கியிருப்பதாகச் சந்தேகம். தேட அனுப்பப்பட்டவர் வேட். துப்பாக்கிகள், வாள்கள் அடங்கிய பெட்டிகளோடு பீரங்கிகளும் சிக்கின. 1717-ல், கலகக்காரர்களோடு சேர்ந்து சதி செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ஸ்வீடன் தூதரை லண்டனிலேயே கைது செய்ததும் இவர்தான். 1722 முதல் சாகும்வரை பாத் நகரின் எம்.பி.யாகவும் இருந்தார். ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்ற பெயர் அதற்குள் வந்துவிட்டது.

22 ஆயிரம் பேர், ஒரு ரிப்போர்ட்

ஜேக்கபைட்டுகளின் பலம் ஸ்காட்லாந்தின் வடக்கில், ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் இருந்தது. கேலிக் மொழி பேசும் மக்கள். குலங்களாக வாழ்ந்தார்கள். குலத் தலைவர் கூப்பிட்டால் வாளோடு வந்து நிற்பார்கள். லண்டன் அரசின் சட்டம் அங்கே பெயரளவுக்குத்தான்.

1724-ல் அரசர் வேடை அங்கே அனுப்பி நிலைமையைப் பார்த்து வரச் சொன்னார். வேட் கொடுத்த ரிப்போர்ட்டில் இருந்த கணக்கு இது: ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் சுமார் 22,000 பேர். அதில் அரசுக்கு விசுவாசமான தலைவர்களின் கீழ் இருப்பவர்கள் சுமார் 10,000 பேர். மீதி 12,000 பேரில் பெரும்பாலானோர் கலகம் செய்தவர்கள், மறுபடியும் செய்யக்கூடியவர்கள்.

இன்னொரு விஷயத்தையும் அவர் கவனித்தார். 1715 கலகத்துக்குப் பிறகு, ஆயுதங்களை ஒப்படைத்தால் பணம் என்று அரசு அறிவித்திருந்தது. விசுவாசமான குலங்கள் நல்ல ஆயுதங்களையே கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள்? ஹாலந்திலிருந்து உடைசல் துப்பாக்கிகளை வரவழைத்து, அதைக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டார்கள். நல்லவை கூரைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போய்விட்டன.

அந்த ஆண்டு இறுதியில் ஸ்காட்லாந்தின் தலைமைத் தளபதி பதவி வேடுக்கே வந்தது. 1725-ல் மறுபடியும் ஆயுத ஒப்படைப்பு நடந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் வந்தன. பெரும்பாலும் பழைய இரும்புதான். தேடுவதில் கெட்டிக்காரரான வேடாலேயே ஹைலேண்ட்ஸ் மக்கள் ஒளித்ததைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனாலும் அவர் அங்கே கெட்ட பெயர் எடுக்கவில்லை. சரணடைய வந்தவர்களுக்கு மன்னிப்பு வாங்கித் தந்தார். உள்ளூர் ஆட்களைக் கொண்டே ஆறு காவல் கம்பெனிகளை அமைத்தார். பின்னாளில் புகழ்பெற்ற பிளாக் வாட்ச் படைப்பிரிவு இதிலிருந்து வளர்ந்ததுதான்.

16 அடி அகலம், 6 பென்னி கூலி

பிரச்சினை என்னவென்றால், அந்த மலைக்குள் ராணுவம் போகவே வழியில்லை. மாடு ஓட்டிச் செல்லும் தடங்கள்தான் இருந்தன. பீரங்கி வண்டி உருளாது. ஆற்றில் வெள்ளம் வந்தால் நாள்கணக்கில் காத்திருக்கணும். வேடின் முடிவு எளிமையானது: ஒளித்து வைத்த ஆயுதத்தைத் தேடி அலைவதைவிட, ராணுவம் எங்கே வேண்டுமானாலும் வேகமாகப் போகிற மாதிரி ரோடு போட்டுவிடுவோம்.

வேலை 1725-ல் தொடங்கியது. ஃபோர்ட் வில்லியமிலிருந்து இன்வர்னெஸ் வரை முதல் சாலை. அடுத்து டன்கெல்டிலிருந்து இன்வர்னெஸ். கட்டியவர்கள் படைவீரர்கள்தான். சாதாரண வீரனுக்கு நாளொன்றுக்கு 6 பென்னி கூடுதல் கூலி. குளிர்காலத்தில் வேலை நடக்காது. கோடை மாதங்களில் மட்டும்தான்.

அகலம் பொதுவாக 16 அடி. கெட்டியான தரை வரும்வரை தோண்டுவார்கள். அடியில் பெரிய கற்கள், மேலே சின்னக் கற்கள், அதற்கும் மேலே சரளை. வழியில் பாறை வந்தால் வெடிமருந்து வைத்துத் தகர்ப்பார்கள். சதுப்பு நிலத்தில் சுள்ளிக் கட்டுகளையும் மரங்களையும் போட்டு, அதன்மேல் சாலையை மிதக்கவிடுவார்கள். முடிந்தவரை நேர்கோடு. ரோமானியர்கள் போட்ட மாதிரி.

இதில் உச்சம், 1731-ல் போட்ட கொரியாரிக் கணவாய்ச் சாலை. சுமார் 770 மீட்டர் உயரம் ஏறி இறங்கும் மலைப்பாதை, ஏறக்குறைய 45 கி.மீ. நம்ம ஊர் கொண்டை ஊசி வளைவு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து மடிந்து ஏறும். சுமார் 500 வீரர்கள் ஒரே கோடையில் முடித்தார்கள். 1733-ல் அபர்ஃபெல்டியில் டே ஆற்றின் மேல் ஐந்து வளைவுகள் கொண்ட பாலம் வந்தது. வடிவமைத்தவர் கட்டிடக் கலைஞர் வில்லியம் ஆடம். அதில் இன்றும் வாகனங்கள் போகின்றன.

மொத்தக் கணக்கு: சுமார் 240 மைல், அதாவது 390 கி.மீ. அளவுக்குச் சாலைகள். 30-க்கும் மேற்பட்ட பாலங்கள்.

ஊர் மக்கள் சந்தோஷப்பட்டார்களா? எல்லாரும் இல்லை. வெளியாட்கள் சுலபமாக உள்ளே வருவார்கள், தங்கள் பிடி தளரும் என்று குலத் தலைவர்கள் முணுமுணுத்தார்கள். லாடம் அடிக்காத குதிரைகளின் குளம்பையும் வெறுங்காலையும் சரளைக்கல் குத்துகிறது என்று சாதாரண மக்கள் புகார் சொன்னார்கள். புல்தரையிலேயே நடந்து பழகியவர்களுக்கு அந்தச் சாலை தங்களுக்காகப் போடப்பட்டது இல்லை என்பது காலிலேயே தெரிந்தது.

1745: சாலை கட்சி மாறியது

இங்கேதான் ட்விஸ்ட்.

1745 கோடையில், பதவி இழந்த ஜேம்ஸின் பேரன் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஸ்காட்லாந்தில் வந்து இறங்கினார். ஆகஸ்ட் 16 அன்று முதல் மோதல். நடந்த இடம் எது தெரியுமா? ஸ்பீன் ஆற்றின் மேல் வேட் கட்டிய ஹை பிரிட்ஜ். ஃபோர்ட் வில்லியமுக்கு உதவிக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு கம்பெனி அரசு வீரர்களை, பாலத்தில் ஒரு டஜன் மலைவாசிகள் மறித்தார்கள். அதிலும் ஒருவர் பைப் வாத்தியம் ஊதுபவர்! மரங்களுக்கு இடையே ஓடி ஓடி, போர்வையை விரித்துக் காட்டி, பெரிய கூட்டம் மாதிரி பாவ்லா காட்டினார்கள். அரசுப் படை பின்வாங்கியது. கடைசியில் சரணடைந்தது.

அடுத்து கொரியாரிக். கலகத்தை நசுக்க அரசுத் தளபதி ஜான் கோப் வேட் போட்ட சாலை வழியாக வடக்கே வந்தார். கணவாயை எதிரி பிடித்துவிட்டான் என்று தெரிந்ததும், மலை ஏறாமல் இன்வர்னெஸ் பக்கம் திரும்பிவிட்டார். வழி காலி. சார்லஸின் படை அந்த மடிப்பு மடிப்பான சாலையில் இறங்கி, வேட் போட்ட நெடுஞ்சாலையிலேயே தெற்கு நோக்கி நடந்தது. செப்டம்பர் 17-ல் எடின்பரோ நகரம் அவர்கள் கையில். 21-ம் தேதி பிரெஸ்டன்பான்ஸில் கோப்பின் படை சில நிமிடங்களில் சிதறியது. சண்டைக்கு வந்தவர்கள் கையில், ஒப்படைக்காமல் ஒளித்து வைத்த பழைய வாள்களும் இருந்தன.

கலகத்தை அடக்கப் போட்ட சாலை, கலகத்துக்கே வேகம் கொடுத்தது. சாலைக்கு யார் நடக்கிறார்கள் என்று தெரியாதே!

பனியில் சிக்கிய ஃபீல்டு மார்ஷல்

அப்போது வேடுக்கு 72 வயது. 1743-லேயே ஃபீல்டு மார்ஷல் ஆகியிருந்தார். அடுத்த ஆண்டு பெல்ஜியப் பகுதியில் நடத்திய படையெடுப்பு சொதப்பல். உடல்நலமும் மோசம். ஆனாலும், எதிரி எல்லை தாண்டினால் தடுக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது. கிழக்குக் கடற்கரையோரம், நியூகாசிலில் படையோடு காத்திருந்தார். அந்த நாள்களில் தேசிய கீதத்தோடு சேர்த்து, வேட் வெற்றி கொண்டுவர வேண்டும் என்று வேண்டும் ஒரு பத்தியும் பாடப்பட்டது. அவ்வளவு எதிர்பார்ப்பு.

சார்லஸ் கிழக்கே வரவில்லை. மேற்கே போய் கார்லைல் நகரைச் சுற்றி வளைத்தார். நியூகாசிலிலிருந்து கார்லைல் சுமார் 90 கி.மீ.தான். ஆனால், பீரங்கியோடு ஒரு படை போகிற அளவுக்கு நடுவில் சாலை இல்லை. ஸ்காட்லாந்து மலை முழுக்க ரோடு போட்டவர், இங்கிலாந்துக்குள்ளேயே ரோடு இல்லாமல் மாட்டிக்கொண்டார்.

நவம்பர் 15-ல் கார்லைல் சரணடைந்தது. 16-ம் தேதிதான் வேடின் படை கிளம்பியது. கடும் பனி. அடுத்த நாள் நள்ளிரவைத் தாண்டி ஹெக்ஸாம் வரை போய்ச் சேரவே தடுமாறினார்கள். கார்லைல் விழுந்த செய்தி அங்கே வந்தது. படை நியூகாசிலுக்கே திரும்பியது. சார்லஸ் டெர்பி வரை போய், லண்டனுக்கு சுமார் 200 கி.மீ. தூரத்தில் நின்று, பிறகு தானாகவே பின்வாங்கினார். அப்போதும் வேடால் அவரை மறிக்க முடியவில்லை. பொறுப்பு அரசரின் மகன் கம்பர்லேண்ட் கோமகன் கைக்குப் போனது.

1746 ஏப்ரல் 16, கல்லோடன். ஹைலேண்ட்ஸ் படை நொறுங்கியது. வேட் வடிவமைத்த வலைப்பின்னல் தன் வேலையைச் செய்தது அதற்குப் பிறகுதான். ஃபோர்ட் அகஸ்டஸை மையமாக வைத்து ராணுவம் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கியது. வீடுகள் எரிந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. மலைவாசிகளின் பாரம்பரிய உடைக்கே தடைச் சட்டம் வந்தது. அது நீங்க 1782 வரை ஆனது. இன்று டூரிஸ்ட்டுகள் ரசிக்கும் அந்தச் சாலைகளுக்கு இந்த முகமும் உண்டு.

செத்த பிறகு ஒரு சாலை

வேட் 1748 மார்ச் 14-ல் இறந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். அவருடைய நினைவுச்சின்னத்தைச் செதுக்கியவர் சிற்பி ரூபிலியாக். வேடின் வெற்றித் தூணைக் கவிழ்க்கக் காலம் பாய்கிறது, புகழ் அதைத் தடுக்கிறது. இதுதான் காட்சி.

கார்லைல் அவமானத்தை அரசு மறக்கவில்லை. 1751-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நியூகாசில் முதல் கார்லைல் வரை ராணுவச் சாலை வந்தது. கல்லுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே கி.பி. 122-ல் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கட்டத் தொடங்கிய பெருஞ்சுவர் இருந்தது. சுவரை இடித்துத் தரைமட்டமாக்கி, அதன்மேலேயே மைல்கணக்கில் சாலை போட்டார்கள். இன்று பி6318 என்ற எண்ணில் கார்கள் பறக்கும் அந்தச் சாலைக்கு மக்கள் வைத்த பெயர், ஜெனரல் வேட் சாலை. வேலை தொடங்கும்போது வேட் உயிரோடே இல்லை.

ஸ்காட்லாந்திலும் இதே கதைதான். வேட் ரோடு என்று சொல்லப்படுபவற்றில் பலவும், அவருக்குப் பின் பொறுப்பேற்ற வில்லியம் கால்ஃபீல்ட் போட்டவை. வேடைவிடப் பல மடங்கு தூரம் போட்டவர் கால்ஃபீல்ட். பெயர் மட்டும் வேடுக்கு.

இன்று அந்தப் பாதையில்

ஹேட்ரியன் சுவர் 1987 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 2003-ல் அதையொட்டி 135 கி.மீ. நடைபாதை திறக்கப்பட்டது. பல இடங்களில் நடைபாதையும் ராணுவச் சாலையும் அருகருகே ஓடுகின்றன. ஸ்காட்லாந்தில் 154 கி.மீ. நீளமுள்ள வெஸ்ட் ஹைலேண்ட் வே நடைபாதையின் சில பகுதிகள் கால்ஃபீல்டின் ராணுவச் சாலைகள்மேலேயே போகின்றன. இப்படிப்பட்ட பாதைகள்தான் ஜியோகேஷர்களுக்குப் பிடித்த இடம். நடப்பதற்கு ஒரு காரணம், நின்று பார்ப்பதற்கு ஒரு சாக்கு.

ஆனால், ரூல்ஸ் உண்டு. டப்பாவை மறைக்கக் குழி தோண்டக் கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். தொல்லியல் சின்னத்தின் கற்களை நகர்த்தவோ, இடுக்கில் டப்பா செருகவோ கூடாது. சுவர்மேல் ஏறி நடக்க வேண்டாம் என்பது நடப்பவர்களுக்கான வேண்டுகோள். கொரியாரிக் சாலையும் இப்போது பாதுகாக்கப்பட்ட சின்னம். அதனால் டப்பாவே இல்லாத கேஷ்களும் இருக்கின்றன. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், கல்வெட்டையோ பாறையையோ பார்த்து, கேள்விக்குப் பதில் அனுப்பினால் போதும். 1750-களில் ராணுவம் காட்டாத அக்கறையை, ஒரு விளையாட்டு இன்று காட்டுகிறது.

வேட் போட்ட சாலை எதிரிக்கு வழிவிட்டது, பிறகு ராணுவத்துக்கு, பிறகு மாட்டு வியாபாரிகளுக்கு, இப்போது முதுகில் பையோடு நடப்பவர்களுக்கு. ஆயுதங்களைத் தேடி அவர் அலைந்த மலையில், எவனோ ஒருவன் ஒளித்து வைத்த டிபன் டப்பாவைத் தேடி இன்றைக்குப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். வழிகாட்டுவது, ஒரு காலத்தில் ராணுவம் மட்டுமே துல்லியமாகப் பயன்படுத்திய அதே ஜிபிஎஸ்.

அடுத்த தடவை மேப்பில் நீலப்புள்ளி நகர்வதைப் பார்த்தபடி ஒரு பழைய சாலையில் நடக்கும்போது, இதை யார் போட்டார்கள் என்பதோடு நிறுத்த வேண்டாம். யாரை அடக்கப் போட்டார்கள் என்றும் ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள்.